பதினாறு பட்டன்... ஒரு டோலக் மாமா!

கையும் காலும் சும்மா இருக்காத ஆளா நீங்க? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான் பாஸ். லெக்சர் போய்க்கொண்டிருக்கும்போது டெஸ்க்கில் 'டும் டக டும் டக்', மெஸ் க்யூவில் தட்டின் மேல் 'டிங் டிடிங்', பஸ்ஸில் நின்றபடியே கம்பியில் ஒரு தாளம்... இப்படி ஒரு கேஸ் எல்லா க்ளாஸிலும் நாலு பேராவது இருப்பார்கள். எங்கள் க்ளாஸில் அந்த நாலில் ஒருத்தன் நான்.

இந்தக் கை அரிப்புக்கு ஒரு மெஷின் இருக்கிறது. பேர், ஸ்டெப் சீக்வென்சர். எங்கள் ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர் பாஸ் ஆகி ஊருக்குக் கிளம்பும்போது, செகண்ட் ஹேண்டில் என்னிடம் தள்ளிவிட்டுப் போனது 'கோர்க் வோல்கா பீட்ஸ்' என்ற மாடல். 2013-ல் வந்தது. ஒரு டிபன் பாக்ஸ் சைஸ்தான். ஆறு பென் டார்ச் செல் போட்டால் ஓடும். கரன்ட் போனாலும் கவலை இல்லை. கீழே வரிசையாக 16 பட்டன். அவ்வளவுதான் விஷயம். ஆனால், அந்த 16 பட்டனுக்குள் எவ்வளவு பெரிய பஞ்சாயத்து ஒளிந்திருக்கிறது தெரியுமா? வாங்க, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்போம்.

சீரியல் செட்டும் சீக்வென்சரும்

கோயில் திருவிழாவில் சீரியல் செட் பார்த்திருப்பீர்கள். வரிசையாக பல்பு. ஒன்று எரியும், அணையும், பக்கத்து பல்பு எரியும். வெளிச்சம் ஓடுகிற மாதிரி இருக்கும். ஸ்டெப் சீக்வென்சரும் இதே கதைதான். ப்ளே அழுத்தினால் ஒரு வெளிச்சம் 1-வது பட்டனிலிருந்து 16-வது வரை ஓடும். முடிந்ததும் திரும்ப 1. எந்த பட்டனை நீங்கள் 'ஆன்' செய்து வைத்திருக்கிறீர்களோ, வெளிச்சம் அதைத் தாண்டும்போது 'டும்' என்று அடிக்கும். ஆஃப் என்றால் மௌனம்.

இ.சி.இ., ட்ரிபிள்-இ மக்களே... உங்களுக்கு இது லேப் எக்ஸ்பெரிமென்ட். 555 டைமர் ஒன்று, 4017 கவுன்ட்டர் ஒன்று, கொஞ்சம் எல்.இ.டி. ப்ரெட்போர்டில் குத்தி ஓட விட்டிருப்பீர்கள். 4017-க்கு பத்து அவுட்புட். ஒன்பதாவதை எடுத்து ரீசெட்டில் கொடுத்தால் எட்டோடு நின்று திரும்ப முதலிலிருந்து ஓடும். அதாவது, 8 ஸ்டெப் சீக்வென்சர் ரெடி! எல்.இ.டி. இருக்கிற இடத்தில் சத்தம் போடுகிற ஒரு சர்க்யூட்டைக் கோர்த்துவிட்டால் நீங்களும் மியூசிக் டைரக்டர்தான். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதற்காக மட்டும் செய்த விஷயத்துக்கு இப்படி ஒரு முகம் இருப்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

கணக்கும் ஈஸி. டெம்போ 120 என்றால் நிமிஷத்துக்கு 120 அடி. ஓர் அடி அரை செகண்ட். ஓர் அடிக்கு நாலு ஸ்டெப். ஆக, ஒரு ஸ்டெப் 125 மில்லி செகண்ட். 16 ஸ்டெப் முழுசா ஓட ரெண்டே செகண்ட்!

'ரெண்டு செகண்ட்ல என்ன பெருசா பண்ணிட முடியும்?' என்கிறீர்களா? ஒவ்வொரு பட்டனும் ஆன் அல்லது ஆஃப். 16 பட்டன். ரெண்டின் அடுக்கு 16. அதாவது 65,536 விதம். இது ஒரே ஒரு டிரம்முக்கு. ரெண்டு டிரம் என்றால் 429 கோடியைத் தாண்டும். என் மெஷினில் பத்து சத்தம் இருக்கிறது. மீதிக் கணக்கை கால்குலேட்டர் இருப்பவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

முதல் பேட்டர்ன்... மூணே நிமிஷம்!

சும்மா தியரி வேண்டாம். நேரா பிராக்டிகல். கிக் டிரம்மைத் தேர்ந்தெடுத்து 1, 5, 9, 13 பட்டன்களை அழுத்துங்கள். 'டும்... டும்... டும்... டும்...' இதுதான் டிஸ்கோ, ஹவுஸ் எல்லாத்துக்கும் அஸ்திவாரம். ஸ்நேர் அல்லது கைதட்டல் சத்தத்தை 5, 13-ல் வையுங்கள். ஓபன் ஹை-ஹாட்டை 3, 7, 11, 15-ல் வையுங்கள். ப்ளே! 'டும் த்ஸ் டக் த்ஸ்'... ரூம்மேட் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து உட்காருவான். (நடுராத்திரி என்றால் எழுந்து அடிக்க வருவான். ஹெட்போன் முக்கியம் மக்கா!)

அடுத்து, க்யூபா ஸ்டைல். 1, 4, 7, 11, 13. வெறும் ஐந்தே பட்டன். கிளாவே என்று பேர். சல்சா முழுக்க இதன் முதுகில்தான் சவாரி செய்கிறது. ஐந்தும் சம இடைவெளியில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதில்தான் கிக்கே.

டிரம்முக்கு ஆன்-ஆஃப் போதும். பேஸ், கீபோர்டு சத்தத்துக்கான சீக்வென்சரில் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் என்ன ஸ்வரம், எவ்வளவு நீளம், அழுத்தமா இல்லையா, அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகணுமா... இத்தனையும் சொல்ல வேண்டும். 1960-களில் வந்த மூக் 960 என்ற பெட்டியில் ஸ்டெப்புக்கு ஒரு நாப். மூணு வரிசை, வரிசைக்கு எட்டு. ஒவ்வொரு நாப்பையும் திருகி வோல்ட்டேஜ் செட் செய்ய வேண்டும். அந்த வோல்ட்டேஜ்தான் ஸ்வரம். 1977-ல் டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' பாட்டைத் தேடிக் கேளுங்கள். பாட்டு முழுக்க கீழே குதிரை மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும் பேஸ், மூக் சிந்தசைஸரும் சீக்வென்சரும் சேர்ந்து ஓட்டியது. மனுஷன் விரலுக்கு அந்த நேரத்துக்குள் வலித்துவிடும்.

ஃபெயிலான ட்ரான்சிஸ்டர்!

இந்த 16 பட்டன் வரிசையை உலகம் முழுக்க பாப்புலர் ஆக்கியது ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980-ல் இறக்கிய டி.ஆர்-808. பட்டன்களுக்கு நாலு நாலாகக் கலர். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை. பார்த்தாலே எந்த அடியில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். யூசர் இன்டர்ஃபேஸ் என்று நாம் பக்கம் பக்கமாகப் படிக்கிற விஷயத்தை நாலு கலரில் முடித்துவிட்டார்கள்.

அதே காலத்தில் வந்த லின் எல்.எம்-1 என்ற மெஷின் நிஜ டிரம் சத்தத்தை சிப்பில் பதிந்து வைத்திருந்தது. விலை 4,995 டாலர். 808-ன் விலை 1,195 டாலர். இதில் பதிவெல்லாம் இல்லை. எல்லா சத்தமும் சர்க்யூட்டே உருவாக்குவது. 'இதெல்லாம் ஒரு டிரம்மா?' என்று பலர் சிரித்தார்கள். சுமார் 12,000 பீஸ்தான் தயாரானது. 1983-ல் மூட்டை கட்டிவிட்டார்கள்.

மூட்டை கட்டியதற்கு ஒரு சூப்பர் காரணம் இருக்கிறது. 808-ல் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு பொரியல் சத்தம் வரும். அதற்குக் காரணம், டெஸ்ட்டில் ஃபெயிலான ட்ரான்சிஸ்டர்கள்! ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷி அந்த மாதிரி குறைபாடு உள்ளவற்றையே தேடி வாங்கினாராம். ட்ரான்சிஸ்டர் செய்யும் டெக்னாலஜி முன்னேறி, ஃபெயில் ஆகிறவை குறைந்துபோனதும் 808-ஐத் தொடர முடியவில்லை. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

கடையில் விலை போகாத 808-கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தன. காசில்லாத பசங்க கையில் போய்ச் சேர்ந்தன. அப்புறம் ஹிப்-ஹாப் வரலாறே மாறியது, தனிக் கதை.

பம்பாயில் பத்து ராகம்

808-க்கு ஒரு தங்கச்சி உண்டு. டி.பி-303. 1981-ல் வந்த பேஸ் மெஷின். தனியாக கிட்டார் ப்ராக்டீஸ் செய்கிறவர்களுக்குத் துணையாக பேஸ் வாசிக்கும் என்று சொல்லி விற்றார்கள். சத்தம் பேஸ் கிட்டார் மாதிரியே இல்லை. அதைவிடக் கொடுமை, ப்ரோக்ராம் செய்கிற முறை. முதலில் ஸ்வரங்களை மட்டும் வரிசையாகக் கொடுக்கணும். அப்புறம் வேறொரு மோடுக்குப் போய் ஸ்வரம், நீட்டல், மௌனம் என்று காலக் கணக்கை மட்டும் தனியாகக் கொடுக்கணும். ரெண்டும் சேரும்போது என்ன வரும் என்று கொடுத்தவருக்கே தெரியாது! 1984-ல் இதுவும் க்ளோஸ்.

1987-ல் சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற குழு பழைய 303 ஒன்றை வைத்துக்கொண்டு, பேட்டர்னை ஓட விட்டு, கட்-ஆஃப், ரெசனன்ஸ் நாப்களை இஷ்டத்துக்குத் திருகியது. 'வ்யாவ் வ்யாவ்' என்று ஒரு சத்தம். 'ஆசிட் ட்ராக்ஸ்' என்று ரெக்கார்டு வந்தது. 'ஆசிட் ஹவுஸ்' என்ற இசை வகையே அங்கிருந்து கிளம்பியது. இப்படித்தான் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆனா மேட்டர் என்னன்னா... அதற்கு ஐந்து வருஷம் முன்னாடியே, 1982-ல், பம்பாயில் ஒருத்தர் 303, 808 ரெண்டையும் ஜூபிடர்-8 என்ற கீபோர்டோடு கோர்த்து பத்து ராகங்களை டிஸ்கோ பீட்டில் வாசித்து ரெக்கார்டு போட்டுவிட்டார். சரண்ஜித் சிங். இந்தி சினிமாப் பாட்டுகளுக்கு கிட்டார், பேஸ் வாசித்துக்கொண்டிருந்த கலைஞர். ரெக்கார்டின் பேர் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. பூபாளி இருக்கிறது. நம்ம மோகனம்! மால்கௌன்ஸ் இருக்கிறது. நம்ம இந்தோளம்! 303-ல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும் 'ஸ்லைடு' வசதி ராகத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை ஹெட்போனில் கேட்டால்தான் புரியும்.

அப்போது அந்த ரெக்கார்டை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சிகாகோ பசங்களுக்கும் இப்படி ஒன்று இருப்பது தெரியாது. 2010-ல் மறுபடி வெளியானதும்தான் உலகமே 'யாருய்யா இந்த மனுஷன்?' என்று திரும்பிப் பார்த்தது. எழுபது வயதுக்கு மேல் வெளிநாட்டு மேடைகளில் ஏறி வாசித்தார். 2015-ல் காலமானார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். அவர் மெஷினுக்கு எதிரி இல்லை. விசிறியும் இல்லை. பல வருஷம் கையால் வாசித்த ஆள். அந்தக் கை மெஷினிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தது.

மாமா என்ட்ரி

இதே மாதிரி ஒரு கை எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அம்மாவோட தம்பி. மதுரைப் பக்கம் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று முப்பது வருஷமாக ஆர்க்கெஸ்ட்ராவில் டோலக், தபேலா வாசிக்கிறவர். பகலில் ஜெராக்ஸ் கடை, ராத்திரியில் மேடை.

ஒரு காலத்தில் அவர்கள் குழுவில் பத்துப் பேர். வேன் எடுத்துப் போவார்கள். ட்ரம்பெட் வாசிக்கிற அண்ணன், பேங்கோஸ் அண்ணன், ரெண்டு கிட்டார்... நான் சின்னப் பையனாக மேடைக்குப் பின்னால் ஸ்பீக்கர் பாக்ஸ் மேலேயே தூங்கியிருக்கிறேன். அப்புறம் 'ட்ராக்' வந்தது. பாட்டின் இசை முழுக்க லேப்டாப்பில் ஓடும், பாடகர் மட்டும் மேடையில் நின்று பாடுவார். விழாக் கமிட்டிக்கு செலவு மிச்சம். "ரெண்டு பாட்டுக்காரங்க, ஒரு லேப்டாப் போதும்ணே" என்று சொல்லிவிட்டார்கள். மாமாவுக்கு வருஷம் பூராவும் நிறைந்திருந்த டைரி பாதியானது. அப்புறம் பாதியில் பாதி.

இப்போ புரியுதா, இந்த மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோவது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று? செமஸ்டர் லீவில் பேக்கிலேயே ரெண்டு நாள் வைத்திருந்தேன். மூணாவது நாள் மாமா வந்தபோது அம்மாவே போட்டுக் கொடுத்துவிட்டார். "உன் மாப்ள ஏதோ பெட்டி வாங்கியிருக்கான்டா. தானா மோளம் அடிக்குது!"

மாமா ஒன்றும் பேசவில்லை. கையை நீட்டினார். கொடுத்தேன். டிஸ்கோ பேட்டர்னை ஓட விட்டேன். ஒரு நிமிஷம் கேட்டார். ஹை-ஹாட்டை 16 பட்டனிலும் நிரப்பிக் காட்டினேன். 'டிகிடிகிடிகிடிகி' என்று ஓடியது.

"டேய்... பஸ்ஸுல எல்லா எடத்துலயும் ஆள ஏத்திட்டா கண்டக்டர் எங்கடா நடப்பாரு?" என்றார். அவரே 2, 6, 10, 14-ஐ அணைத்தார். பிறகு 12-ஐயும் அணைத்தார். அம்மாடி! அதே மெஷின், அதே சத்தம். ஆனா, ஆட்டம் வந்துவிட்டது. காலியாக விட்ட இடத்தில் காது தானாக எதையோ நிரப்பிக்கொள்கிறது. ஒரு பேட்டர்ன் போடுகிற வித்தையில் பாதி, எதை அணைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

அப்புறம் மாமா கேட்ட கேள்விதான் என்னை உட்கார வைத்தது. "இது ஏன்டா நாலு நாலாவே நிக்குது? நம்ம குத்து மூணு மூணால்ல போகும்?"

மூணு மூணா...

யோசித்துப் பாருங்கள். டப்பாங்குத்து பெரும்பாலும் 'தகிட தகிட தகிட தகிட'. மூணு நாலு பன்னிரண்டு. மெஷினில் பதினாறு. நாலு நாலாகப் பிரித்து, கலர் அடித்து, 'உலகத்துப் பாட்டெல்லாம் இப்படித்தான்' என்று யாரோ எங்கேயோ முடிவு செய்த டிசைன். நம்ம ஊர் ஆட்டத்துக்கு அதில் இடமே இல்லையா?

இருக்கிறது. வோல்காவில் 'ஆக்டிவ் ஸ்டெப்' என்று ஒரு வசதி. வேண்டாத ஸ்டெப்பைத் தாண்டி ஓடச் சொல்லலாம். 13, 14, 15, 16-ஐத் தூக்கினேன். மிச்சம் பன்னிரண்டு. கிக் 1, 4, 7, 10. மேல் டாம் 3, 6, 9, 12. 'டும்... டக்டும்... டக்டும்... டக்டும்...' மாமா முகத்தில் அப்போதுதான் முதல் சிரிப்பு. அம்மா அடுப்படியிலிருந்து, "இதான்டா மோளம்!" என்றார்.

இதில் ஒரு குட்டிக் கணக்கு. மெஷினில் டெம்போ 100 என்று காட்டும். ஆனால் அது ஓர் அடிக்கு நாலு ஸ்டெப் என்று நினைத்துக் காட்டுவது. நாம் மூணில் திரும்புகிறோமே! ஒரு ஸ்டெப் 150 மில்லி செகண்ட், மூணு ஸ்டெப் 450. அப்படியென்றால், கால் ஆடும் வேகம் நிமிஷத்துக்கு 133. டிஸ்ப்ளே ஒன்று சொல்லும், கால் ஒன்று சொல்லும். காலை நம்புங்கள்.

அன்று ராத்திரி முழுக்க மாமா சொல்கட்டு சொல்லச் சொல்ல நான் பட்டன் அழுத்தினேன். 'தகிட தகதிமி' என்றால் ஏழு. மிஸ்ர சாப்பு. ஓர் எண்ணிக்கைக்கு ரெண்டு ஸ்டெப் வைத்தால் 14. கடைசி ரெண்டை மட்டும் தூக்கிவிட்டு 1, 7, 11-ல் கிக் வையுங்கள். மூணு, ரெண்டு, ரெண்டு. அடுத்து 'தகிட தகிட தக'. மூணு, மூணு, ரெண்டு. மொத்தம் எட்டு. பதினாறில் ரெண்டு தடவை வரும். 1, 4, 7, 9, 12, 15. லத்தீன் அமெரிக்காவில் இதற்குப் பேர் 'ட்ரெஸிலோ'. மாமாவுக்கு அந்தப் பேர் தெரியாது. கை அதை முப்பது வருஷமாக வாசித்துக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு இன்ஜினீயரிங் ட்விஸ்ட். முதல் வருஷம் சி லேபில் ஜி.சி.டி. ப்ரோக்ராம் எழுதியிருப்பீர்களே... மீப்பெரு பொது வகுத்தி. கண்டுபிடித்த யூக்ளிட் 2,300 வருஷத்துக்கு முந்தைய ஆள். 'எட்டு இடத்தில் மூணு அடியை முடிந்த அளவு சமமாகப் பரப்பு' என்று அதே முறையில் கணக்குப் போட்டால் வருவது என்ன தெரியுமா? மூணு, மூணு, ரெண்டு. தகிட தகிட தக! நியூட்ரான் ஆராய்ச்சி மெஷினில் பல்ஸ்களைச் சீராகப் பரப்புவதற்கு ஒருத்தர் எழுதிய அல்காரிதத்துக்கும் இதே வடிவம். உலகத்துப் பாரம்பரிய தாளங்கள் பலவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்துகிறது என்று காட்ஃப்ரீட் டூசான் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 2005-ல் கட்டுரை எழுதினார். இன்றைக்கு 'யூக்ளிடியன்' என்று பேர் போட்ட சீக்வென்சர்களே விற்பனைக்கு உண்டு. எட்டில் ஐந்தைப் பரப்பிப் பாருங்கள். 1, 3, 4, 6, 7. க்யூபாவின் இன்னொரு தாளம் ரெடி.

கோட்டுக்கு அந்தப் பக்கம்

சரி, எல்லாம் கணக்குதானா? அதையும் பார்த்துவிடுவோம் என்று மாமாவின் டோலக்கை போனில் ரெக்கார்டு செய்தேன். காதில் மெஷினின் க்ளிக்கைக் கொடுத்துவிட்டு வாசிக்கச் சொன்னேன். இலவச சாஃப்ட்வேர் ஒன்றில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால், வலது கை அடி சரியாகக் கோட்டின் மேல். இடது கை 'கும்' மட்டும் கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை தள்ளி. ஒரு தடவை அல்ல. ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட அதே அளவு தள்ளி!

"மாமா, இடது கை லேட்டா வருதே?"

"லேட் இல்லடா. உக்காருது."

இந்த 'உட்காருகிற' விஷயத்துக்கு மெஷின்காரர்கள் வைத்த பேர் ஸ்விங். எல்.எம்-1 செய்த ரோஜர் லின்தான் இதை டிரம் மெஷினுக்குள் கொண்டுவந்தார். 1988-ல் வந்த எம்.பி.சி-60-லும் இருக்கிறது. விஷயம் சிம்பிள். இரட்டைப்படை ஸ்டெப்களை மட்டும் கொஞ்சம் தள்ளி ஒலிக்க விடுவது. டெம்போ 120-ல் ரெண்டு ஸ்டெப் சேர்ந்து 250 மில்லி செகண்ட். சரிபாதி என்றால் 50 சதவீதம். 58 சதவீதம் வைத்தால் ரெண்டாவது அடி 20 மில்லி செகண்ட் தள்ளி வரும். வெறும் 20! கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சின்னப் பங்குதான். ஆனா, காது கண்டுபிடித்துவிடும். இடுப்பு அதைவிட சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்.

மெஷின் எல்லா இரட்டைப்படை அடியையும் ஒரே மாதிரி தள்ளும். மாமா எந்த அடியைத் தள்ளணும், பாடகர் மூச்சு வாங்கும்போது எவ்வளவு தள்ளணும் என்று அந்தந்த நேரத்தில் முடிவு செய்வார்.

எடம் ஒண்ணுதான்!

'ஆக, மெஷினைவிட மனுஷன்தான் உசத்தி' என்று இங்கே சுபம் போட்டால் எல்லோரும் கைதட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். ஆனால், விழாக் கமிட்டி அந்த 20 மில்லி செகண்டுக்குக் காசு கொடுப்பதில்லையே. இந்தச் சண்டை நம்ம ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. 1982-லேயே பிரிட்டனில் இசைக்கலைஞர்கள் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைஸரும் டிரம் மெஷினும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. மெஷின் நின்றதா என்ன?

மாமா வேறு வழியில் போனார். அந்த லீவ் முடிவதற்குள் "எனக்கும் சொல்லிக் குடு" என்றார். வயசு ஐம்பத்திரண்டு. முதல் ரெண்டு நாள் பட்டனை டோலக் மாதிரியே அடித்தார். "மாமா... பட்டன் பாவம், மெதுவா" என்றேன். நாலாவது நாள் நான் சொல்லாமலேயே ஆக்டிவ் ஸ்டெப் போட்டார். இப்போது அவர் குழுவில் ஒரு ரிதம் பேட் வைத்திருக்கிறார்கள். அதில் ஓடும் பேட்டர்ன் எல்லாம் அவர் போட்டது. அதை ஓட விட்டு, மேலே டோலக்கும் வாசிக்கிறார். ரெண்டு பாட்டுக்காரர், ஒரு கீபோர்டு, மாமா. நாலு பேர். லேப்டாப்புக்குக் கேட்கும் பணத்தைவிடக் கொஞ்சம் கூட. சில கமிட்டிகள் ஒத்துக்கொள்கின்றன.

நல்ல முடிவு என்று நான் துள்ளிக் குதித்தேன். "பாத்தீங்களா, கத்துக்கிட்டதால நீங்க மேடையில இருக்கீங்க!" என்றேன். மாமா டோலக்கின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"நான் கத்துக்கிட்டேன், இருக்கேன். சரி. ஆனா பேங்கோஸ்காரன் கத்துக்காததால போகலடா. எடம் ஒண்ணுதான் இருந்துச்சு."

பேங்கோஸ் அண்ணன் இப்போது ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறார். ட்ரம்பெட் அண்ணன் ட்ரம்பெட்டை விற்றுவிட்டார். மாமா போடுகிற பேட்டர்னில் 'பேங்கோஸ்' என்று ஒரு சத்தம் இருக்கிறது. அதை ஓட விடுவதற்கு முன்னால் அவர் ஒரு செகண்ட் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கலாம். ஏனென்றால், கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து வெளியே போனதும் இந்த மாதிரி பெட்டிகளைச் செய்யப்போவது நாம்தான். பட்டன் பதினாறா பன்னிரண்டா என்று முடிவு செய்யப்போவதும் நாம்தான். சிரமப்பட்டு மெனுவுக்குள் போய் மூணுக்கு மாற்ற வேண்டியிருக்கிறதா, இல்லை மூணும் நாலும் சமமாக முன்னால் இருக்கிறதா என்பது எங்கேயோ ஒரு டிசைனர் டேபிளில் தீர்மானமாகிறது. பத்துப் பேர் செய்த வேலையை ஒரு பெட்டி செய்யுமா என்று கேட்பது சுலபம். அந்தப் பெட்டியை இயக்கும் நாற்காலியில் யாரை உட்கார வைக்கப் போகிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். மாமாவை உட்கார வைத்தால் 'கும்' சரியான இடத்தில் உட்காரும். அவ்வளவு எனக்குத் தெரியும்.

மெஷின் வாங்கக் காசில்லையே என்று கவலைப்படாதீர்கள். போனிலேயே இலவச ஸ்டெப் சீக்வென்சர் ஆப் கிடைக்கிறது. இறக்குங்கள். கிளாவே போடுங்கள். மிஸ்ர சாப்பு போடுங்கள். அப்புறம் உங்கள் ஊரில் தவிலோ, பறையோ, உறுமியோ, தபேலாவோ வாசிக்கிற ஒருத்தரைத் தேடிப் பிடித்து, போனை அவர் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு, அவர் எதை அணைக்கிறார் என்று மட்டும் பாருங்கள்!